கடல் கடந்த கலியாணக் கேக்

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார் ஒன்றுகூடலில், இலண்டனில் வாழும் பங்கு மகள் ஒருவர் ஆற்றிய உரை.)



யூபிலிக்கென்று ஊருக்கு வந்த என்னைப் பிடித்து, "ஏதாவது பேசு" என்று சுவாமியார் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. பேச்சாளர்கள் பலர் இருக்கும் இப்பங்கில் நான் எதைப் பேசுவது? அன்று மாலை கோவில் முற்றத்திலே மூன்று தாய்மார் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள். ஒருவருடைய மகளுக்கு ரொறன்ரோவிலே கலியாணம். ஒருவருடைய மகனுக்குப் பாரிஸிலே கலியாணம். மற்றவருடைய பேத்திக்கு ஒஸ்லோவிலே கலியாணம். மூவரும் கேட்டது ஒன்றே: "பிள்ளை, அங்கே கேக்குக்கு என்ன செய்யிறவை? எங்கட கேக் எடுக்கலாமோ, அந்த நாட்டுக் கேக்தானோ?" எனக்குப் பேசப் பொருள் கிடைத்துவிட்டது. சுவாமியார் சிரித்துக்கொண்டே அனுமதி தந்தார்.

சின்ன விஷயம்தானே என்று நினைக்கலாம். விவாகத் திருப்பூசையிலே கேக்குக்கு இடமில்லை. தாலியும் மோதிரமும் வாக்குறுதியும் போதும். கேக் இல்லாவிட்டாலும் மெய்விவாகம் மெய்விவாகமே. ஆனாலும் வெளிநாட்டுக் கலியாண வீடுகளில், கூறைச் சேலைக்கு அடுத்தபடியாகத் தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம் வருவது கேக்கினாலேதான். நானும் அப்படி வாக்குவாதப்பட்டவள். ஒருமுறை மகளாக, ஒருமுறை தாயாக.

முதலில் நம்முடைய கேக்கைப் பற்றிச் சொல்லுகிறேன். கலியாணக் கேக் நம் முன்னோர் பிறந்தபோது நம்மோடு பிறந்ததல்ல. பாணும் அதைச் சுடுகிற போறணையும் போர்த்துக்கீசர் காலத்தில் வந்த சொற்கள். பழமும் மதுவும் சேர்ந்த கனத்த கலியாணக் கேக் ஆங்கிலேயருடைய வழக்கம். ஆனால் இந்தத் தீவிலே வந்து சேர்ந்த பிறகு அது நம்முடைய சரக்கை வாங்கிக்கொண்டது. கோதுமை மாவுக்குப் பதிலாக வறுத்த ரவை வந்தது. வாதுமைப் பருப்புக்குப் பதிலாகக் கஜு வந்தது. சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணி, இஞ்சிப் பாகு, போத்தலில் வரும் செளசெளப் பாகு, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய், பன்னீர், தேன் எல்லாம் சேர்ந்தன. இப்படித்தான் நாம் 'றிச் கேக்' என்று சொல்லுகிற பொருள் உண்டாயிற்று.

எங்கள் அம்மம்மாவின் கணக்கு ஒரு இறாத்தல் ரவைக்கு ஒரு இறாத்தல் பட்டர், இரண்டு இறாத்தல் சீனி, முப்பது முட்டை. மஞ்சட் கரு முழுவதும் சேரும். வெள்ளைக் கருவில் பாதிதான் சேரும். கஜுவும் பிளம்ஸும் வெட்டுவதற்கு அயலெல்லாம் வந்து பாயிலே குந்தும். வெட்டியதைப் பிராந்தியில் ஊற வைத்து மூடி, யாரும் திறக்காதபடி கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். தட்டுக்குள்ளே பல மடிப்புக் கடதாசி போட்டு, மெல்லிய சூட்டிலே மணிக்கணக்காக வேகவிட வேண்டும். ஆறின பிறகு வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் ஒருமுறை, வெள்ளித்தாளில் ஒருமுறை சுற்றி, சிறு பெட்டிகளில் வைப்பார்கள். கலியாணத்துக்கு வந்தவர் ஒவ்வொருவரும் ஒன்று கொண்டுபோவார். வராதவருக்கும் ஒன்று போகும். இந்தக் கடைசி வசனத்தைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்.

இனி நான் வாழும் நாட்டின் கேக்கைப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் தேதி விக்ரோறியா மகாராணி விவாகம் செய்தபோது வைத்த கேக் ஏறத்தாழ 300 இறாத்தல் நிறை. சுற்றளவு ஒன்பது அடி. சுத்தமான வெள்ளைச் சீனி விலைகூடிய பொருளாக இருந்த காலத்திலே, வெள்ளை ஐசிங் போட்ட கேக் வீட்டின் செல்வத்தைக் காட்டியது. அந்தக் கேக்கின் ஒரு துண்டு 2016இல்கூட ஏலத்தில் விலைபோனது என்றால், பழக் கேக் எவ்வளவு காலம் கெடாமல் கிடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். சீனியும் மதுவும் அதைக் காக்கின்றன. அதனாலேதான் ஆங்கிலேயர் மேல் தட்டை எடுத்து வைத்து, முதற்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வெட்டும் வழக்கத்தை வைத்திருந்தார்கள்.

உலகப் போர்க் காலத்தில் அவர்களும் நம்மைப்போல் தட்டுப்பாடு கண்டவர்கள். 1940இல் கேக்குக்கு ஐசிங் போடுவதையே அரசாங்கம் தடைசெய்தது. கலியாண வீட்டார் கடதாசி மட்டையில் செய்த வெள்ளைக் கேக்கை வாடகைக்கு எடுத்து மேசையில் வைத்துப் படம் பிடித்தார்கள். அதைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னக் கேக் இருக்கும். போர் முடிந்து 1947 நவம்பரில் எலிசபெத் இளவரசிக்குக் கலியாணம் நடந்தபோதும் பங்கீடு நீங்கவில்லை. ஒன்பது அடி உயரமான அவருடைய கேக்குக்கு அவுஸ்திரேலியாவின் சாரணச் சிறுமிகள் சரக்கு அனுப்பினார்கள். அரச வீட்டுக் கேக்குக்கும் கடல் கடந்துதான் சாமான் வரவேண்டியிருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் 1989இல் இலண்டனுக்குப் போனேன். 1992 செப்ரெம்பரில் எனக்குக் கலியாணம். அவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. நான் ஒரு சலவைக் கடையில் வேலை. அம்மா இங்கே, நமது பங்கில். யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா வருவது நடக்காத காரியம். ஒரு தொலைபேசி எடுக்கவும் வழியில்லை. எனக்கு அந்தத் துக்கத்தை எப்படி ஆற்றுவதென்று தெரியவில்லை. ஒரு கேக் கடையின் கண்ணாடிக்குள்ளே, தூண் வைத்த மூன்று தட்டுக் கேக் ஒன்றைக் கண்டேன். தூய வெள்ளை. அதை எடுத்தால் படத்திலே எல்லாம் சரியாகத் தெரியும், அம்மா படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவா என்று நினைத்தேன். மூன்று கிழமைச் சம்பளத்தைக் கொடுத்தேன். அதிலும் பாதி கடன்.

கலியாணத்தன்று நல்ல வெயில். மண்டபத்தில் யன்னல் திறக்க முடியாது. அந்தக் கேக்கின் உள்ளே மெத்தென்ற ஸ்பொஞ்ச்; மேலே பட்டர் கிறீம். மெத்தென்ற கேக்கில் தூண் நிற்கவேண்டுமானால் உள்ளே குச்சி கொடுத்துத் தாங்க வேண்டும். கடைக்காரர் கொடுத்தாரோ இல்லையோ, நாங்கள் பூசையால் வந்து சேர, மேல் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து கிறீம் வழிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கையால் கேக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றக் கையால் வெட்டினோம். படத்திலே அந்தக் கை இன்றும் இருக்கிறது.

எங்கள் ஊர் அக்கா ஒருவர் ஈஸ்ற் ஹாமில் இருந்தார். இந்தக் கோவிலில் முதல்நன்மை எடுத்தவர்தான். கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்தி என்னைக் கேட்டார்: "எல்லாம் சரி, பிள்ளை. அம்மாவுக்கு அனுப்ப என்ன வைச்சிருக்கிறாய்?" எனக்குப் பதில் இல்லை. கிறீம் கேக்கை அனுப்ப முடியாது என்பதுகூட எனக்கு அதுவரை தோன்றவில்லை. அந்த அக்கா, பகல் வேலைக்கும் இரவு பிள்ளைகளுக்கும் இடையிலே, தன் சின்ன அவணில் ஒரு தட்டு றிச் கேக் சுட்டு வைத்திருந்தார். அன்று மாலை, வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து, மிச்சத்தில் நாலு துண்டை ஒரு பெட்டியில் வைத்து என் கையில் தந்தார்.

ஒக்ரோபரில் கொழும்புக்குப் போன ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு மாமாவின் மகன் கொண்டுபோனார். அங்கிருந்து ஒரு குடும்பம் வாங்கிக்கொண்டு வன்னியைக் கடந்து, கிளாலிக் கடலில் இரவிலே படகேறியது. அந்தப் பயணம் எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1993 சனவரியிலே அந்த நீரில்தான் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். யாரென்றே தெரியாத ஒரு தாய், தன் பிள்ளைகளோடும் மூட்டையோடும் அந்தப் படகில் இருந்து, என்னுடைய கேக்குப் பெட்டியையும் மடியில் வைத்திருந்தார். நத்தாருக்கு நாலு நாள் முந்திப் பெட்டி அம்மாவின் கைக்கு வந்தது. மூன்று மாதம்! கேக் கெடவில்லை.

அம்மாவின் கடிதம் மார்ச் மாதம் எனக்குக் கிடைத்தது. நாலு துண்டையும் பதினாறாக வெட்டினாவாம். சுவாமியாருக்கு, எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிக்கு, பக்கத்து வளவுச் சைவ வீட்டாருக்கு, எனக்குத் தையல் பழக்கிய ரீச்சருக்கு என்று பெயர் பெயராக எழுதியிருந்தா. "எல்லாருக்கும் குடுத்தாச்சு. இப்பதான் எனக்கு உன்ர கலியாணம் முடிஞ்சது" என்று எழுதியிருந்தா. அந்த மூன்று தட்டுக் கேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. படம் போய்ச் சேரவே இல்லை.

1995 ஒக்ரோபரில் எல்லாரும் வீடு வாசலை விட்டு நடந்தபோது அம்மாவும் நடந்தா. வழி திறந்த பிறகு, 2003இல் நான் முதன்முறையாக ஊருக்கு வந்தேன். அம்மா பூசைக்குப் போக ஆயத்தப்படுகையில், அவவின் ஜெபப்புத்தகத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளேயிருந்து மடித்த வெள்ளித்தாள் ஒன்று விழுந்தது. அம்மா அதைக் குனிந்தெடுத்து, மறுபடி அந்த இடத்திலேயே வைத்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை.

தாய்மாரே, இருபது வருடம் கழித்து நான் தாயின் பக்கத்தில் நின்றேன். என் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. நான் கேட்காமலே றிச் கேக்குக்குச் சாமான் வாங்கத் தொடங்கினேன். அவள் சொன்னாள்: "அம்மா, இந்தக் கறுத்தக் கேக்கை என்ர சிநேகிதர் ஒருதரும் சாப்பிடமாட்டினம். பெட்டியை மேசையிலேயே விட்டிட்டுப் போவினம்." தேசிப்புளி சேர்த்த மென்மையான கேக்தான் வேண்டுமாம். "அரச வீட்டிலேயே மாத்திப்போட்டினம்" என்று சாட்சியும் காட்டினாள். அவள் சொன்னது பொய்யல்ல. 2011இல் மூத்த இளவரசர் வில்லியம் எட்டுத் தட்டுப் பழக் கேக் வெட்டினார். 2018இல் தம்பி ஹரி தேசிக்காயும் எல்டர் பூவும் சேர்த்த கேக் வெட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. "உன்னுடைய அம்மம்மா..." என்று தொடங்கி, அழுது, மேசையை விட்டு எழும்பிவிட்டேன். இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் என் அறைக்கு வந்து இருந்து, வெள்ளித்தாள் கதையைக் கேட்டாள். அவளுக்கு அதை நான் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாத கதைக்குப் பிள்ளை எப்படி மதிப்புக் கொடுக்கும்? பிழை என்னுடையது.

பிறகு இருவரும் ஒரு கொப்பியை எடுத்து இருந்து எழுதினோம். வருகிற குடும்பங்கள் எண்பது. வரமுடியாதவர்கள் யார் யார் என்று அவளே கேட்டாள். நோயாளர், முதியோர், விசா மறுக்கப்பட்டோர், ஊரில் இருப்போர் எல்லாம் அறுபது. ஆக 140 பெட்டி. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தட்டிலே, ஓர் அங்குல அகலமும் இரண்டு அங்குல நீளமுமாக வெட்டினால் 72 துண்டு வரும். இரண்டு தட்டு, 144 துண்டு. நாலு துண்டு எங்களுக்கு! மேடையிலே அவள் விரும்பிய தேசிப்புளிக் கேக் நின்றது. குச்சி கொடுத்திருக்கிறதா என்று நானே கேட்டு உறுதிசெய்தேன். பெட்டியிலே அம்மம்மாவின் கேக் போனது. கஜு வெட்ட, மாப்பிள்ளையும் அவருடைய வெள்ளைக்காரச் சிநேகிதர் இருவரும் வந்து தரையில் குந்தினார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து, பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதி அனுப்பக்கூடிய சில ஆலோசனைகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று கேளுங்கள். சம்பந்தி பகுதியில் சைவ உணவுக்காரர் இருப்பார்கள். நம் கேக்கில் முப்பது முட்டை. அவர்களுக்கு முட்டையில்லாத சிறு கேக் ஒன்று தனியே செய்யுங்கள். பிராந்தி சேராதவர் இருப்பார்கள். பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊறவிடலாம், ஆனால் அந்தக் கேக் நெடுநாள் இராது. கஜுவும் வாதுமையும் சிலருக்கு உயிராபத்து. பெட்டியின் மேல் உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதி ஒட்டுவது வெட்கமல்ல, கடமை.

இரண்டாவது, மண்டபத்தைக் கேளுங்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் பல மண்டபங்களில் வெளியிலிருந்து உணவு கொண்டுவர விடமாட்டார்கள். சிலவற்றில் கேக்கை வெட்டிப் பரிமாறத் தனிக் கட்டணமும் உண்டு. முற்பணம் கட்டமுன் கேட்டால் மனக்கசப்பு வராது. கோடையென்றால் கிறீம் வழியும் என்பதை என் கலியாணப் படம் சொல்லும்.

மூன்றாவது, அந்த நாட்டின் கேக்கைக் கண்டு பயப்படவேண்டாம். பிரான்ஸிலே கிறீம் அடைத்த சிறு உருண்டைகளைக் காய்ச்சிய சீனிப்பாகினால் ஒட்டிக் கோபுரமாக்குவார்கள். குரோக்காம்புஷ் என்று பெயர். ஈரக் காற்றுப் பட்டால் பாகு இளகும்; ஆகவே அன்றன்றே செய்யவேண்டும். நோர்வேயிலே வாதுமை, சீனி, வெள்ளைக் கரு மூன்றையும் பிசைந்து வளையங்களாகச் சுட்டு, பெரிதின் மேல் சிறிதாகப் பதினெட்டு வளையம் அடுக்குவார்கள். அதற்குக் கிரான்சகாக்க என்று பெயர். நம்முடைய பலகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவும் பலகாரம்போலத்தான் இருக்கும். பிள்ளை வாழப்போகிற நாட்டின் இனிப்பை அவள் மேசையில் வைப்பதிலே என்ன குற்றம்?

நான்காவது, கடன்பட்டுக் கேக் எடுக்கவேண்டாம். மட்டையால் செய்த கேக்கோடு கலியாணம் முடித்தவர்களும் நல்ல குடும்பங்களாக வாழ்ந்தார்கள்.

ஐந்தாவதாக ஒன்று. கேக்கைத் தெரிவுசெய்ய முன், வரமுடியாதவர்களின் பெயரைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். எந்த நிறம், எத்தனை தட்டு என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேசையில் நிற்கிற கேக் வந்தவர்களுக்கு. தூர வழி தாங்கக்கூடிய ஒரு கேக்கும் வேண்டும். அது றிச் கேக்காகத்தான் இருக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. நோர்வே வளையத்தை உடைத்து உறையிலே போட்டு அனுப்பினாலும் சரி. இங்கே இருக்கிற நீங்கள் எத்தனை கலியாணத்தைக் கைத்தொலைபேசியிலே பார்த்திருப்பீர்கள்! பார்த்து முடிய, கையில் என்ன இருந்தது?

நேரம் போய்விட்டது, சுவாமியார் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இன்னும் ஒரே வார்த்தை. நூறு துண்டு கொண்டுவந்திருக்கிறேன். என் மகள்தான் ஒவ்வொன்றாகச் சுற்றி, பெட்டியிலே அடுக்கித் தந்தாள். வாசலில், சகோதரியின் மேசையிலே இருக்கிறது. ஆளுக்கொன்று எடுங்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ படுக்கையில் கிடந்து இந்த விழாவுக்கு வரமுடியாதவர் இருந்தால், அவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். யாருக்கென்று சகோதரியிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்; அவ கொப்பியிலே எழுதிக்கொள்ளுவா. அந்தக் கொப்பியை நான் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

நமது பங்கின் எல்லாப் பிள்ளைகளையும், அவர்கள் எங்கே இருந்தாலும், ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.